முந்திரி சேர்க்காத தட்டு

என் செல்ல மகனுக்கு,

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். நேற்று அலுவலக நண்பர்களுக்கு வீட்டில் காக்டெயில் பார்ட்டி வைத்தார். கடையில் வாங்கலாமே என்றால், "உன் கைப்பக்குவம் வருமா?" என்று எனக்கு ஐஸ் வைத்தார்.

பல்குச்சியில் சீஸும் திராட்சையும் குத்திவைத்தேன். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மிளகு தூவினேன். உருளைக்கிழங்கு உருண்டைகளை முந்திரித் தூளில் புரட்டிப் பொரித்தேன். ஒரு தட்டுக்கு மட்டும் கை தானாக ரொட்டித்தூளை எடுத்தது, எண்ணெய்கூடத் தனி. உனக்குத்தான் முந்திரி ஆகாதே! நீ அப்பாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமானது என் கைக்குத் தெரியவில்லை.

உன் பேச்சை எடுத்தாலே அப்பா இன்னும் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். சரி, அதை விடு.

அவருடைய மேனேஜர் அந்தத் தட்டில் கை வைக்கப் போனார்.

"சார், அதை எடுக்காதீங்க. அது பையனோடது" என்றார் அப்பா.

"அட, பையன் வந்திருக்கானா?"

அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, அவரே மூடி ஃபிரிட்ஜில் வைத்தார். காலையில் நான் அதைக் கொட்டப் போனேன்.

"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை என்பது அவருக்குத் தெரியும். உருண்டை அதுவரை தாங்காது. நான் புதிதாகப் பொரித்து வைக்கிறேன்.

உன்
அம்மா