பெல்ட்டிடம் பொய் சொன்னேன்

ஈஜிபுரா, பெங்களூரு

அன்புள்ள அப்பாவுக்கு தமயந்தி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

சாப்பாடு குடலை என்ன செய்கிறது என்று ஆராய்பவர்கள், வயிற்றின் சத்தத்தைப் பதிவுசெய்யும் பெல்ட் ஒன்றை எனக்குக் கட்டிவிட்டிருக்கிறார்கள். இரவு சாப்பிட்டேனா என்று போனிலும் பதில் போட வேண்டும்.

நேற்று ஆய்வாளர் உமேஷ், "மேடம், சாப்ட்டேன்னு போட்டிருக்கீங்க. வயிறு காலின்னு பெல்ட்டு சொல்லுதே?" என்றார். சிரித்துவிட்டேன். தினமும் உங்களிடம் சொல்லிப் பழகிய பதில், கை தானாக அழுத்திவிட்டது. ஆபீஸில் மீட்டிங் இழுத்துவிட்டது, அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

இதைக் கொண்டுவரும் என் அறைத்தோழி சிந்து திரும்பும்போது பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். ஓர் ஆளுக்கு ஆகிற அளவு போதும்.

அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. இனி போனில் 'சாப்ட்டியா?' என்று கேட்காதீர்கள், அப்பா. 'என்ன சாப்ட்ட?' என்று கேளுங்கள்.

உங்கள் தமயந்தி