ஒருத்தி மட்டும் இருக்கும் வீடு

நான் புனேவுக்குப் போகவில்லை. மகளோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டேன், வடலூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன் என்றெல்லாம் நம் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. அதே வீட்டில், அதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

எதிரே உன் டிபன் கேரியர் இருக்கிறது. இன்று நெய்வேலிக்குப் போகும்போது மதியச் சாப்பாட்டை அதில்தான் எடுத்துப் போனேன். கழுவிக் கவிழ்த்த பிறகும் புளியோதரையின் நல்லெண்ணெய் வாசனை போகவில்லை. உன் கேரியரில் எப்போதும் அந்த வாசனைதான். நீ கண்ணை மூடிய பிறகு உன் தம்பி அதைக் கொண்டுவந்து, "அக்கா உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லிச்சுங்க" என்று கொடுத்தபோதும் அதே வாசனைதான்.

நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நாம் ஒன்றாக வேலை பார்த்த காலம் முழுவதும் உன் கேரியரை நான் கிண்டல் செய்திருக்கிறேன். மற்றவர்கள் மூன்றடுக்கு, நான்கடுக்கு கொண்டுவருவார்கள். உனக்கு ஒரே ஒரு டப்பா. அதையும் கம்பிச் சட்டத்தில் பொருத்தி, மேலே கொக்கி போட்டு, கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு வருவாய்.

"ஒரு டப்பாவுக்கு எதுக்குடி இந்தத் தேரு?"

"இருக்கட்டும் சிஸ்டர். நாளைக்கு ரெண்டு டப்பா ஆனா சட்டத்தைத் தேடிகினு ஓட முடியுமா?"

கான்வென்டில் படித்தவள் என்பதற்காக என்னை 'சிஸ்டர்' ஆக்கியது நீதான். பிரிவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்தது என்று நினைத்தாய். வரவில்லை.

ஓய்வு பெற்ற வருடம் சங்கத்துக்காக நாம் எழுதிய புரோகிராம் நினைவிருக்கிறதா? மாதா மாதம் உறுப்பினர் வீடுகளுக்கு மாத்திரைப் பை போக வேண்டும். வீட்டு விவரங்கள் எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருந்தன. சங்கம் வாங்கிய புது மென்பொருளோ அவற்றை ஜேசான் வடிவத்தில் கேட்டது. எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு பெயர்ப்பலகை, முடிந்ததும் அதே பெயரில் இன்னொரு பலகை. ஜேசானில் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். மீதியை அடைப்புக்குறிகள் பார்த்துக்கொள்ளும்.

"எக்ஸ்எம்எல் நீங்கதான் சிஸ்டர். தொறந்த கதவையெல்லாம் சாத்திட்டு, சாத்திட்டேன்னு சொல்லிட்டுத்தான் நகருவீங்க. ஜேசான் நானு."

"நீ கதவைச் சாத்தறதே இல்லையே."

"சாத்துவேன். அதைச் சொல்லிகினு இருக்க மாட்டேன்."

இரண்டுக்கும் நடுவில் மேப். எந்த வடிவத்தில் வந்தாலும் பிரித்து, பெயருக்கு நேரே அதன் மதிப்பு என்று கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பொதுவான அமைப்பு. எக்ஸ்எம்எல்லை மேப்பாக்கி, மேப்பை ஜேசானாக்க வேண்டும். அதற்கென்று ஆயத்தமாகக் கிடைத்த ஒரு கருவியை எடுத்துப் போட்டோம். என் வீட்டு விவரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கணவர், மாமியார், மகள், நான். நால்வரும் வரிசையாக வந்தோம். சரி என்று எழுந்துவிட்டேன்.

நீ எழுந்திருக்கவில்லை. உன் வீட்டைக் கொடுத்துப் பார்த்தாய்.

"இங்க வந்து பாருங்க சிஸ்டர். எங்க வூட்ல யாருமே இல்லையாம்."

வீட்டில் பலர் இருந்தால் அந்தக் கருவி அவர்களை ஒரு பட்டியலாக்கியது. ஒருவரே இருந்தால், ஓர் ஆளுக்குப் பட்டியல் எதற்கு என்று பெயரை மட்டும் தனியாக வைத்துவிட்டது. அடுத்து வரும் மென்பொருளோ பட்டியலைத்தான் தேடியது. அது இல்லாததால், வீடு காலி என்று எடுத்துக்கொண்டது. என் சோதனையில் பிழை இல்லை என்று அன்று வாதாடினேன். இன்றும் அதையே சொல்வேன். என் வீட்டுக்கு அது சரியான சோதனைதான்.

நீ வாதாடவில்லை. திரையைப் பார்த்தபடி, "நான் ஒருத்திதான். ஆனா அதுவும் வூடுதானே?" என்றாய். குரலில் கிண்டல் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாத உன்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்தவள் நீ. கணினி சொன்னதற்கு மட்டும் நீ சிரிக்கவில்லை.

பிறகு ஒரே ஒரு விதியைச் சேர்த்தாய்: வீட்டில் ஒருவர் இருந்தாலும் அதைப் பட்டியலாகவே வை. அப்போதுதான் உன் கேரியரைப் பார்த்தேன். டப்பா ஒன்று, சட்டம் முழுதாக. அந்தத் தேரைப் பற்றி அதன்பின் நான் பேசவில்லை.

நீ இருந்தவரை அந்த விதி இருந்தது. அதற்குள் என் வீட்டிலும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மாமியார் போனார். மகள் கல்யாணமாகிப் போனாள். பிறகு அவரும் போனார். நான் ஒருத்தியானேன். மாத்திரைப் பை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. யாருடைய விதியால் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடம் வெளியாட்களைக் கொண்டு போனில் பார்க்கிற மாதிரி அந்தப் புரோகிராமை முழுவதும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். பை நின்றது. அடுத்த மாதமும் வரவில்லை. பிறகு, நான் புனேவுக்குப் போய்விட்டேன் என்ற பேச்சு வந்தது. இன்று பஸ் ஏறி சங்கத்துக்குப் போனேன். மெக்கானிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்தான் இப்போது செயலாளர். நல்ல மனிதர். என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"மேடம், வீடு காலின்னு காட்டுது. அதான் மகள்கிட்ட போயிட்டீங்கன்னு நெனச்சோம்."

"காலி வீட்டுக்காரி உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

சிரித்துவிட்டார். "இதுக்கு ஒரு வழி இருக்கு மேடம். இன்னொரு பேரு சேர்த்துட்டா வந்துடுது. மேல்பட்டாம்பாக்கத்துல நம்ம கிரேன் ஆபரேட்டர் அண்ணன் இல்ல? சுகர் மாத்திரை நின்னு போய் தவிச்சுட்டாரு. காலமான அண்ணி பேரையே திரும்பப் போட்டோம். டக்குனு வந்துடுச்சு. உங்களுக்கும் சார் பேரைப் போட்டுடட்டுமா?"

விரல்கள் விசைப்பலகையில் தயாராக இருந்தன. அவர் இரக்கத்தோடுதான் கேட்டார். என் கணவருடைய பெயரை மறுபடி என் பெயரோடு பார்க்க எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

"வேண்டாம். அவர் இல்லை. நான் இருக்கேன். அதை அப்படியே காட்டணும்."

"ஒரு ஆளுக்காக புரோகிராமை மாத்தச் சொல்ல முடியுமா மேடம்?"

"ஒரு ஆள் இல்லைங்க. தனியா இருக்கிற அத்தனை பேரும். எனக்குக் கால் இருக்கு, பஸ் ஏறி வந்து சண்டை போடறேன். வர முடியாதவங்களுக்கு மாத்திரை?"

அவரிடம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, உன் விதியை எழுதினேன். எங்கே சேர்க்க வேண்டும், ஏன் சேர்க்க வேண்டும் என்றும் எழுதினேன். முதலில் எழுதியவர் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். தாளின் கீழே அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேரியரைத் திறந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஒரு டப்பாவை பையில போட்டா வந்துடுமே, எதுக்கு இவ்ளோ பெரிய கம்பி?" என்றாள். இருக்கட்டும் என்றேன். நீ சொல்கிற மாதிரியே சொன்னேன் என்று பிறகுதான் உறைத்தது. கொக்கியைப் போட்டேன். சாத்திவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இந்த மடலின் நகல் ஒன்றைச் செயலாளருக்கு நாளை தபாலில் அனுப்புகிறேன். கீழே உள்ள வரிகள் அவருக்கு.

ஐயா, ஒருவர் மட்டும் வசிக்கும் வீடுகள் அனைத்தும், இல்லாதவர் பெயரைச் சேர்க்காமலேயே, பட்டியலில் வந்துவிட்டனவா? போனில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.