நரி மிரட்டியதாகச் சொன்ன முகம்

பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. காலையிலிருந்து சாம்பிராணிப் புகை நம் சமையற்கட்டு வரை வருகிறது, கூடவே பெண்களின் சிரிப்பும். "பாரேன், நரி மிரட்டுது!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் தொட்டிலை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். புகையைப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் படத்துக்கு முன்னால் உங்களோடு பேச உட்கார்ந்தேன். நடுவில் எழுந்து போக இனி உங்களால் முடியாது.

நம் செல்வி பிறந்தது திண்டிவனத்தில், என் அம்மா வீட்டில். குளிப்பாட்டக் கன்னியம்மா வருவாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால் மேல் கிடத்தி, எண்ணெய் தடவிக் கை கால்களை இழுத்து விடுவாள். எல்லாக் குழந்தையும் அதற்கு அழும்தான். ஆனால் வலது காலைத் தொட்டதும் செல்வி வேறு மாதிரி அழுதாள். புருவங்கள் நடுவில் கூடிப் புடைத்தன. கண்கள் இறுகிக் கோடாகிவிட்டன. வாய் சதுரமாகத் திறந்து, நாக்கு விறைத்து, மோவாய் நடுங்கியது. பசிக்கு அழும்போது அந்த முகம் என் பக்கம் திரும்பித் தேடும். இந்த முகம் எதையும் தேடவில்லை. அந்த ஒரு கால் உதைக்கவும் இல்லை.

"அதுக்கு வலிக்குது" என்றேன். "அழுவட்டும் வுடு, அழுதாத்தான் நெஞ்சு விரியும்" என்றாள் கன்னியம்மா.

தூக்கத்திலும் அந்த முகம் வந்தது. அம்மா கன்னத்தில் கை வைத்து ரசித்தாள். தூங்கும் குழந்தையிடம் நரி வந்து "உங்கம்மா செத்துட்டா" என்று சொல்லுமாம். இப்போதுதானே அவளிடம் பால் குடித்தோம் என்று குழந்தை சிரிக்குமாம். "உங்கப்பா செத்துட்டான்" என்று சொன்னால், மெய்யா பொய்யா தெரியாமல் அழுமாம்.

விழுப்புரத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள், கையில் வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தோடு. குழந்தையின் காலைத் தொட்டுக் காட்டினேன். "மூஞ்சப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாங்க" என்று கெஞ்சினேன். நீங்கள் சிரித்தீர்கள். "நான் செத்துட்டேன்னு நரி சொல்லுது, அதான் அழுவுது. எம்மேல எம்மாம் பாசம் பாரு!" வீடே சிரித்தது. மறுபடி வந்தபோது சொன்னீர்கள்: "தெரிஞ்ச டாக்டரையே கேட்டுட்டேன். பச்சக் கொழந்தைக்கு வலியே தெரியாதாம். சும்மா பேஜாரு பண்ணாத."

நானே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். பச்சை உடம்புக்காரி வாசல் தாண்டக்கூடாது என்று அம்மா கதவருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரயில் வந்து நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதானே உங்கள் வேலை? ஓசையை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவீர்கள். "இரும்பு பொய் சொல்லாது" என்று பெருமையாகச் சொல்வீர்கள். இரும்புக்குக் கொடுத்த காதை என் குழந்தைக்குக் கொடுக்கவில்லையே.

காய்ச்சல் வந்தது, போனது. நடக்க வேண்டிய வயதில் செல்வி நடக்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பிறந்த சில நாளிலேயே இடுப்பு மூட்டில் சீழ் பிடித்து எலும்பை அரித்திருக்கிறது என்றார்கள். "ரொம்ப வலிச்சிருக்குமே, யாரும் கவனிக்கலையா?" என்று அந்த டாக்டர் கேட்டார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அதன்பின் அவளுடைய ஒவ்வொரு வலது செருப்புக்கும் அடியில் தோல் அடுக்கி நீங்களே தைத்துக் கொடுத்தீர்கள். உயரம் ஒரு நூல் பிசகாது. ஆனால் "நீ சொன்னது நிஜம்" என்று ஒரு வார்த்தை? அதற்காகத்தான் இத்தனை வருஷம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புதான் வந்தது.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். ஒரு மத்தியானம் உங்கள் புருவங்கள் நடுவில் கூடின. கண்கள் இறுகின. வாய் சதுரமாகத் திறந்தது. அது எனக்குத் தெரிந்த முகம். "அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா, மூஞ்சி தானா இழுக்குது" என்றாள் நர்ஸ். பச்சையாகவே சொல்கிறேன்: நரி மிரட்டுகிறது என்று உங்கள் காதில் சொல்ல வேண்டும் போல் வெறி வந்தது.

நான் எழுவதற்குள் செல்வி எழுந்துவிட்டாள். "இல்ல சிஸ்டர். அப்பாவுக்கு வலிக்குது. பேச வரல, அவ்ளோதான்." நர்ஸ் நகரவில்லை. செல்வி அந்த நீள வார்டைச் சாய்ந்து சாய்ந்து கடந்து போய் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தாள். சிறுநீர் அடைத்து அடிவயிறு கல்லாகியிருந்தது. குழாய் போட்டதும் உங்கள் முகம் மெல்லத் தளர்ந்தது. அவள் ஒருத்தி சொன்னாள், ஒருவர் கேட்டார். எனக்கு அது கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனால், கால் இரண்டையும் மெதுவாக மடக்கி முகத்தைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. பைத்தியம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுக்கும் போகத்தான் போகிறேன்.

அதற்குமுன் ஒன்று. உங்களைத் தூக்கிப் போன அன்று, செல்வி சுவரோரம் நீங்கள் தைத்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருவம், கண், வாய், நடுங்கும் மோவாய், எல்லாம் பிறந்தபோது பார்த்த அதே முகம். "ஐயோ, புள்ளைக்கு எப்பிடி வலிக்குதோ" என்று என் அம்மா ஓடி வந்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா செத்தது அன்று மெய்தான். ஆனால் நரியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.