கடல் தாண்டக் கூடாது என்றாய்

அம்மா,

அப்பாவுக்குக் கண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு அரை டிராயர் வாங்கி அனுப்பியிருக்கிறான். நீலத் துணியில் மஞ்சள் மஞ்சளாகத் தென்னை மரங்கள். கூடத்தில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு அதைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறுகிறது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இன்று தோன்றிற்று, பாசத்தினால் அல்ல. கோபத்தில் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் பிள்ளை எங்களைக் கப்பலில் கூட்டிப்போகிறான். கொச்சியில் ஏறி, லட்சத்தீவைப் பார்த்துவிட்டு, மாலத்தீவு வரை போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல். அவன், அவன் மனைவி, குழந்தைகள், அப்பா, நான். என் வீட்டுக்காரர் வரவில்லை. வேளி ஏரியில் படகு ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். என்னென்ன உடுப்பு வேண்டும் என்று கண்ணன் மனைவி போனில் பொறுமையாகச் சொன்னாள். பகலில் வெயில் கொளுத்துமாம், அதனால் மெல்லிய பருத்திதான் சரி. ஆனால் உள்ளே ஏசி நடுக்கிவிடும், அதற்கு ஸ்வெட்டர் இல்லாமல் வரவே கூடாதாம். ஒரு ராத்திரி பெரிய விருந்து, அதற்குப் பட்டு. இன்னொரு ராத்திரி கப்பலில் எல்லாரும் வெள்ளை உடுத்த வேண்டுமாம். நைட்டியோடு அறைக்கு வெளியே வந்துவிடாதீர்கள் அக்கா என்று சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள். நம் கரமனைத் தெருவில் பால் வாங்க நான் எப்படிப் போகிறேன் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

எனக்கு எடுத்துவைப்பதில் கஷ்டமில்லை. பழவங்காடிப் பக்கம் போய் நாலு பருத்திச் சுடிதார் வாங்கிவிட்டேன். நீச்சல் உடை எல்லாம் இந்த ஜன்மத்தில் எனக்கு நடக்காது. அப்பாவுக்கு எடுத்துவைப்பதுதான் பெரும்பாடு. அவருக்குத் தெரிந்தது வேட்டி. ஏழு வேட்டி, நாலு அரைக்கைச் சட்டை, குளித்துத் துவட்டத் தோர்த்து இரண்டு என்று அவர் கணக்கு முடிந்துவிட்டது. மேல்தட்டில் காற்று அடித்தால் வேட்டி என்ன ஆகும் என்று கேட்டேன். அறுபது வருஷமாகக் கட்டுகிறவனுக்குக் காற்றைச் சமாளிக்கத் தெரியாதா என்றார். டிராயரை விரித்துக் காட்டினேன். தென்னை மரம் பார்க்கக் கரமனைக்காரன் கப்பல் ஏற வேண்டுமா என்று கேட்டுவிட்டு, ஆனாலும் பிள்ளை ஆசையாக வாங்கியது, அடியில் ஒரு ஓரமாக வை என்றார். கப்பலைப் பற்றி அவருக்கு ஒரே உற்சாகம். கொச்சியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று இத்தோடு பத்துத் தடவை கேட்டாயிற்று.

அந்த உற்சாகம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வேட்டியையும் பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். உனக்காகத்தான் கடித்தேன், அம்மா. அதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மஸ்கட்டில் நான் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தது உனக்கு மறந்திருக்காது. ஆறாம் மாசமே உதிரம் பட்டு, பிளேனில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மாமியார் இல்லாத வீடு. நீ வந்தால் போதும் என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் கெஞ்சினேன். நீ அழுதாய். அழுதுகொண்டே சொன்னாய்: "நான் என்ன பண்ணுவேன் சொல்லு. கடல் தாண்டினா அப்புறம் திவசத்துக்கு மடியா சமைக்கக் கூடாதுங்கறார் அப்பா. அவர் சொன்னா சொன்னதுதான்." பிளேனில் போனாலும் கீழே இருப்பது கடல்தானே என்று அவர் கேட்டதாகவும் சொன்னாய். நான் அதை அப்படியே நம்பினேன். ஆபீசில் பேரேடு பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பஞ்சாங்கம் பார்க்கிறவர், சொல்லக்கூடியவர்தான் என்று நினைத்தேன்.

என் பெண்ணை முதலில் குளிப்பாட்டியது பக்கத்து ஃப்ளாட் கோட்டயத்துக்காரி. நல்ல மனுஷி. ஆனால் அவள் கைக்கும் உன் கைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? பால் கட்டிக்கொண்டு ஜுரத்தில் கிடந்தபோது அப்பாவை வாய்விட்டுச் சபித்தேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு நான் சரியாகப் பேசியதில்லை. போனில் அவர் குரல் கேட்டால் அம்மாவிடம் கொடுங்கள் என்பேன். குழந்தையோடு ஊருக்கு வந்தபோது அவர் இரண்டு கையையும் நீட்டினார், நான் குழந்தையை உன் மடியில் போட்டேன். பெரியவனான பிறகு கண்ணனுக்கும் நீ இதே கதையைச் சொன்னாய். அவன் என்னைவிட ஒரு படி மேலே போனான். பெற்ற பெண்ணின் பிரசவத்துக்கு விடாத சாஸ்திரம் எனக்கு வேண்டாம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு ஆவணி அவிட்டத்துக்கு வீட்டுக்கு வருவதையே நிறுத்தினான். அவனுக்கு என்ன கோபம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. பெங்களூர்ப் படிப்பு பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்துக்கொண்டு பாயசம் கிளறினாய்.

நேற்றுச் சாயங்காலம் என்னால் வாயை அடக்க முடியவில்லை. ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்த அப்பாவிடம், "மாலத்தீவு வேற தேசமாக்கும். இப்போ கடல் தாண்டினா தோஷம் இல்லையா?" என்று கேட்டேன். குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்து, "தோஷமா? யாரு சொன்னா?" என்றார்.

நீங்கள்தான் என்றேன். என் பிரசவத்துக்கு அம்மாவை விடாமல் பிடித்து வைத்தது யார் என்று கேட்டேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போன்னுதான் சொன்னேன், ஜயா. கண்ணனுக்கு அந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை, கேட்டியா. அவனை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. நான் வடிச்சுப் போடறேன், நீ போயிட்டு வான்னேன். சம்மதிக்கலை. உன்கிட்ட இப்படியாக்கும் சொன்னா?"

அவ்வளவுதான் பேசினார். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து, ஸ்வெட்டர் அலமாரியில் இல்லையென்றால் பரணில் இருக்கும் என்றார்.

அப்பா பொய் சொல்கிறாரோ என்று நினைத்துப் பார்க்காமல் இல்லை. அப்படி நினைக்க ரொம்பவே முயற்சி செய்தேன். ஆனால் பிரசவத்துக்கு அடுத்த வருஷம் தாத்தா திவசத்துக்கு நான் ஊரில் இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மடிப்புடவை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நின்று சமைத்தாள். நானே அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை கடல் தாண்டுகிறவள் கையால் பித்ருக்களுக்குப் பிண்டம் ஆயிற்று, உன் கை மட்டும் ஆகாது என்று அப்பா சொல்லியிருப்பாரா? கண் எதிரே நடந்ததை நான் கூட்டிப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்த அன்று போனில், பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன் என்று சொன்னாய். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து அன்றைக்கும் அழுதேன். அன்று கண்ணனுக்குக் கணக்குப் பரீட்சையாக இருந்திருக்கும்.

கண்ணன் கணக்கில் தட்டுத் தடுமாறியவன் என்று எனக்குத் தெரியாதா? நீ பக்கத்தில் உட்காராவிட்டால் புத்தகத்தைத் திறக்க மாட்டான் என்றும் தெரியும். அவனுக்குப் பரீட்சை, என்னால் வர முடியாது என்று நீ சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் ஆறிப் போயிருக்கும். எனக்கும் ஒரு தம்பிதானே. ஆனால் மகனுக்காக மகளை விட்டவள் என்று நான் ஒரு நாளும் நினைத்துவிடக் கூடாது உனக்கு. என் கண்ணில் நீ நல்லவளாக நிற்பதற்கு யாராவது ஒருவர் கெட்டவராக வேண்டியிருந்தது. அப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். ஒரு பரீட்சைக்காகச் சொன்ன பொய்யைப் பரீட்சை முடிந்த பிறகாவது எடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் கிடந்தாய். நான்தான் பக்கத்தில் இருந்தேன். அப்போதுகூடச் சொல்லத் தோன்றவில்லையா? கடைசி வரைக்கும் அப்பா உள்ளே வந்தால் நான் எழுந்து வெளியே போவேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய். வலி என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கண்ணன் கூப்பிட்டான். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அப்பா பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை ராத்திரிக்கு அம்மாவின் ஜரிகைக்கரை வெள்ளைச் செட்டுமுண்டை எடுத்து வா, நீ உடுத்திக்கொண்டால் அம்மாவே வந்த மாதிரி இருக்கும் என்றான். நான் ஊம் கொட்டினேன். அப்புறம் அவன் கேட்டான்: "அதிருக்கட்டும் அக்கா, கடல் தாண்ட அப்பா எப்படி சம்மதிச்சார்? அம்மாவை மட்டும் விடலை, பாரு. பாவம், அவளுக்குக் குடுத்து வைக்கலை."

அப்பா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும், அம்மா. சொல்லியிருந்தால் அவருக்கு அவருடைய பிள்ளை திரும்பக் கிடைத்திருப்பான். ஆனால் அந்தப் பக்கம் கண்ணன் இருந்தான். அவனுக்காகத்தான் நீ வரவில்லை என்று தெரிந்தால் அவன் என்ன ஆவான்? இத்தனை வருஷம் அப்பாவோடு போட்ட சண்டைக்கெல்லாம் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? ஆசை ஆசையாகக் கப்பலுக்குப் பணம் கட்டியிருக்கிறான்.

"வயசாச்சோல்லியோ. இப்போ கொஞ்சம் இளகிட்டார்" என்றேன்.

கண்ணன் சிரித்தான். அப்பா மறுபடி வேட்டியை எடுத்து மடித்தார். போனை வைத்த பிறகு, "அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார், சட்டைகளைத் தனியாக வைக்கச் சொல்வது போல.

உன் செட்டுமுண்டை நான் எடுக்கப் போவதில்லை. கண்ணன் கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது எனக்குப் போதும். கண்ணன் மனசு நோகக் கூடாது என்று பழியை அப்பாவின் தலையில் போட எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு நாக்குக் குழறவில்லை. உன் குரலிலேயே சொன்னேன்.