‘ஒருமனதாக’ என்ற சொல்லை அடித்தது குறித்து

அனுப்புநர்:
திருமதி ஒடீல் மெட்டோயர் (வயது 91),
மருத்துவமனைச் சலவைக்கூடப் பணியாளர் (ஓய்வு),
செடார் தெரு, பேயூ லாரோஸ்.

பெறுநர்:
மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்கள்,
அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்,
பெல்லாரிவ்.

பொருள்: நீதிமன்ற வரலாற்றுச் சுவரில் உள்ள பிழைகளை நீக்கவும், அவற்றை முந்திக்கொண்டு நீக்கிய எனக்கு விதித்த நுழைவுத் தடையை விலக்கவும், பறிமுதல் செய்த பேனாவைத் திருப்பித் தரவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மார்ச் 12 அன்று தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சுவரில் கறுப்பு மையால் எழுதியவள் நான்தான். காவலரின் அறிக்கை இதை ‘அரசுச் சொத்துக்குச் சேதம்’ என்கிறது. ‘பிழைதிருத்தம்’ என்பதே பொருத்தமான சொல் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் தையல் இயந்திரத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால், 1961-இல் எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய், அதைப் பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்றைக் கேட்டேன். “புத்தகம் இருக்கு. கறுப்பு ஆளுங்களுக்குக் குடுக்கிறதில்ல” என்றார் நூலக அம்மையார். நான் வழக்குத் தொடுத்தேன். என்னை வேலைக்கு வைத்திருப்பவர்கள் யாராவது எடுத்துத் தரலாம், ஆகவே எனக்கு இழப்பு ஏதும் இல்லை என்று எங்கள் மாவட்டக் கூட்டாட்சி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அதனால்தான் தங்கள் நீதிமன்றத்துக்கு வந்தோம்.

3. விசாரணைக்கு முந்தைய நாள் ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் வந்தேன். இருந்ததிலேயே நல்ல தொப்பி போட்டிருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். என் வழக்கறிஞர் லெமுவல் க்ரிஸ்ப் வாசலிலேயே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். “இங்க சாட்சி கிடையாது ஒடீல், ஜூரியும் கிடையாது. கீழ்க்கோர்ட்டுல எழுதினதைப் படிப்பாங்க. வக்கீலுங்க மட்டும் பேசுவோம்.”

“என் விஷயத்தை நான் பேசக் கூடாதா?”

“தும்மக்கூடக் கூடாது.”

தும்மவில்லை. மூன்று நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த நீதிபதி டோல்மன், “இந்தப் பொம்பளைக்குப் படிக்கத் தெரியுமா, முதல்ல அதைச் சொல்லுங்க” என்று என் வழக்கறிஞரைக் கேட்டார். நானே கைப்பட எழுதிய வாக்குமூலம் அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. படிப்பதே வேலையாக உள்ள அந்த நீதிமன்றத்தில், அதைப் படிக்காதவர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் என் பக்கம் தீர்ப்பளித்தார்கள். டோல்மன் ஒன்பது பக்கம் எதிர்த்து எழுதினார். ஒன்பதையும் படித்துவிட்டேன், எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்தே.

4. அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, என் தம்பி மகள் க்ளோதில்ட் அந்தச் சுவரைக் காட்ட என்னை அழைத்து வந்தாள். தொடக்கம் நன்றாகவே இருந்தது. அக்கால நீதிபதிகள் குதிரையிலும் படகிலும் ஊர் ஊராகப் போனது, உச்ச நீதிமன்றத்தின் சுமை தாங்காமல் 1891-இல் இந்த மேல்முறையீட்டு நீதிமன்றங்களை அமைத்தது, எல்லாம் இருந்தது. அடுத்து டோல்மனின் ஆளுயரப் படம். அதன்கீழ்: ‘1962-இல் இந்நீதிமன்றம், புத்தகங்களுக்காக ஏங்கிய ஒரு வேலைக்காரச் சிறுமிக்கு, ஒருமனதாக நூலகக் கதவைத் திறந்தது.’

ஐயா, நான் யார் வீட்டு வேலைக்காரியும் அல்ல. சிறுமியும் அல்ல, இரண்டு பிள்ளை பெற்றவள். ஏங்கவும் இல்லை, வழக்குப் போட்டேன். ஒருமனது எங்கே இருந்தது என்று டோல்மனின் ஒன்பது பக்கங்களிலும் தேடிவிட்டேன். சுவரில் என் பெயர் எங்கும் இல்லை.

முறைப்படி முதலில் வரவேற்பு மேசையில்தான் முறையிட்டேன். அங்கிருந்த பெண், “மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் டைம் மேடம், அறுபத்திரண்டு வருஷம் லேட்டா வந்திருக்கீங்களே!” என்று சிரித்தார். நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். பிறகு கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

“வேணாம் அத்தை, ஜெயில்ல போட்டுருவாங்க!” என்றாள் க்ளோதில்ட்.

“போடட்டும்டீ. அங்கயும் லைப்ரரி இருக்குமாம்.”

‘வேலைக்கார’, ‘சிறுமி’, ‘ஏங்கிய’, ‘ஒருமனதாக’ ஆகியவற்றை அடித்து என் முழுப்பெயரை எழுதினேன். டோல்மன் படத்தின் கீழே ‘எதிர்த்தவர்’ என்று குறித்தேன். மீசை வரையவில்லை. வரலாற்றில் அவருக்கு மீசை கிடையாது.

5. காவலர் திரு. ஃபோன்டெனோ ஓடி வந்து, “அம்மா, பேனாவைக் குடுத்துருங்க” என்றார். பிறகு நான் எழுதியதைப் படித்தார். “ஒடீல் மெட்டோயர்... இது நீங்களா?” என்றார். நான்தான் என்றேன். தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, அதற்குப் பிறகே பேனாவை வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதினார். இதில் எது அவர் கடமை, எது கடமை தவறியது என்று தாங்கள் விசாரிக்காமல் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

6. தங்கள் நீதிமன்றத்தை நான் எள்ளி நகையாடவில்லை. தங்களுக்கு மேலே உச்ச நீதிமன்றத்தில் இருப்பவர்கள் நூற்றில் ஒரு வழக்கைத்தான் எடுக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தாங்கள்தான் கடைசிக் கதவு. கீழே நடந்த தவறை மேலே இருந்து திருத்துவது தங்கள் வேலை, அன்று எனக்கு அதைச் செய்தீர்கள். இம்முறை தவறு மேலே நடந்துவிட்டது. கீழே இருந்த நான் திருத்தினேன்.

7. ஆகவே, சரியான வாசகம் தயாராகும்வரை என் கையெழுத்தைத் துடைக்க வேண்டாம் என்றும், என் பக்கம் நின்ற இரு நீதிபதிகளின் படங்களையும் மாட்ட வேண்டும் என்றும், நான் உள்ளே வந்து அதைப் பார்க்கத் தடையை நீக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பேனா என் பேத்தியுடையது, கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

அன்று தீர்ப்புக்காகப் பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. இம்முறை சற்று வேகமாகப் படியுங்கள் ஐயா.

இடம்: பேயூ லாரோஸ்
நாள்: ஏப்ரல் 2, 2024

இப்படிக்கு,
தங்கள் வழக்கொன்றில் வென்றவள்,
ஒடீல் மெட்டோயர்
(இரவல் பேனாவால் ஒப்பமிட்டது)