உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

அக்கா,

இன்று காலை ஓடிவிட்டு வந்து காலுறையைக் கழற்றினேன். வலது காலுறையின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு பொட்டளவு கறை. பனியன் கம்பெனியில் இத்தனை வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவளுக்குக் கறையைப் பார்த்தால் தெரியாதா? மெஷின் எண்ணெயும் அல்ல, டீயும் அல்ல. மூக்கருகே கொண்டுபோனேன். ரத்தம்.

வலி இல்லை. அதுதான் பயமே. சர்க்கரை வந்து என் உள்ளங்கால் மரத்துப்போனது உங்களுக்குத் தெரியும். கல் கிழித்தாலும் ஆணி குத்தினாலும் எனக்குச் சேதி வராது. இப்படித் தெரியாமல் விட்ட சின்னப் புண்ணால்தான் சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வருகிறது என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் பயமுறுத்தித்தான் அனுப்புகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கினேன். பாதத்தின் ஓரம் தெரிந்தது, அடி தெரியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து மேலே காலை நீட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டாலும் மங்கல், கழற்றினாலும் மங்கல். செல்போனில் படம் எடுத்தேன். உள்ளங்காலா உப்புமாவா என்று தெரியாத ஒரு படம் வந்தது. என் தொப்பையைத் திட்டினேன், அப்புறம் உங்களைத் திட்டினேன். இன்னும் கொஞ்ச வருடம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா நீங்கள்?

நாம் ஓட ஆரம்பித்ததே ஒரு கிறுக்குத்தனம்தான். ஏதோ வெளிநாட்டில் நடக்கிற ஓட்டப் பந்தயத்துக்கு டீ-சர்ட் ஆர்டர் வந்திருந்தது. நீங்கள் தையல் மெஷினில், நான் செக்கிங்கில். இருவருக்கும் சர்க்கரை, இருவரையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், இருவரும் நடக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டீ-சர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஏட்டி, எவளோ ஓடுதா, அவளுக்கு நாம இங்க உக்காந்து பிசிறு வெட்டுதோம். நாமளும் ஓடுனா என்ன?"

"நம்ம வயசுக்குங்களா?" என்றேன்.

"அவளுக்கு மட்டும் வயசு என்ன பதினாறா?"

பிரிண்ட் கோணலாகி ஒதுக்கிய இரண்டு டீ-சர்ட்டைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினீர்கள். மார்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆபீஸ் பெண்ணிடம் கேட்டோம். பந்தயத்தை ஓடி முடித்தவர் என்று அர்த்தமாம். ஓட ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிட்ட இரண்டு பேர், மறுநாள் விடியற்காலையில் சுடிதார் பேண்டுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நம் திருப்பூர் நெருப்பெரிச்சல் ரோட்டில் இறங்கினோம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த வடநாட்டுப் பையன்கள் ஏதோ விபரீதம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். நாய்கள் அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லை.

ஷூ வாங்கிய கதையை நினைத்தால் இன்றைக்கும் உங்கள் மேல் கோபம் வருகிறது. கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார், முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்க வேண்டுமென்று. நீங்கள் கேட்டால்தானே? "புதுசுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். நாலு தடவ போட்டா கொடுத்துரும்," என்று சின்ன சைஸையே எடுத்தீர்கள், எனக்கும் எடுக்க வைத்தீர்கள். பனியன் துணியிலேயே வாழ்ந்தவர்களுக்கு உலகத்தில் எல்லாமே இழுத்தால் கொடுக்கும் என்று நினைப்பு. நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன், ஏனென்றால் எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. ஷூ கொடுக்கவில்லை. நம் நகம்தான் கொடுத்தது. வாரக் கடைசியில் நொண்டிக்கொண்டே சிறுபாலத்தின் திட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினீர்கள். கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. "ஒனக்கு எப்படிட்டி இருக்கு?" என்றீர்கள். எனக்கு ஒன்றும் இல்லையென்றேன். கழற்றிக் காட்டச் சொன்னீர்கள். என் நகம் ஒன்று பாதி பெயர்ந்து நின்றது. எனக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்குத்தான் முதல்முறையாக என் காலை இழுத்து உங்கள் மடியில் வைத்தீர்கள். நான் பதறிப்போனேன். "வேண்டாமுங்க்கா, பெரியவங்க நீங்க காலைத் தொடக்கூடாதுங்க, பாவமுங்க."

"சவத்த விடு. காலு கோயிலும் இல்ல, குப்பையும் இல்ல. காட்டு."

அதற்குப் பிறகு அது நம் வழக்கமாகிவிட்டது. ஓடி முடித்ததும் அந்தத் திட்டில் உட்கார்ந்து, என் காலை நீங்களும் உங்கள் காலை நானும் பார்ப்போம். துணியை லைட் மேசையில் விரித்து ஓட்டை, கறை, அறுந்த நூல் பார்ப்பது போலத்தான். குதிகாலில் வெடிப்பு, முன்பாதத்தில் கொப்புளம், விரலிடுக்கில் ஈரம். பனியன் வேஸ்ட் துணியால் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, "ஹோல் இல்ல, ஆயில் இல்ல, பாஸ்," என்பீர்கள். உங்கள் விரல் என் உள்ளங்காலில் பட்டது எனக்குத் தெரிந்ததே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் என் காலைப் பற்றித் தெரிந்துகொள்வேன். ஓடலாமா என்று டாக்டரிடம் கேட்டபோது, தினமும் அடிப்பாதத்தைப் பார்க்க ஆள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறாங்க என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

காலுறையைத் திருப்பிப் போடுவது உங்கள் கண்டுபிடிப்பு. விரல் பக்கத்துத் தையல் உள்ளே இருந்தால் உராயும், மரத்த காலுக்கு உராய்வது தெரியாது, அதனால் தையல் வெளியே இருக்கட்டும் என்றீர்கள். கம்பெனி பஸ்ஸில் இருந்த பெண்கள் நம் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். தைக்கிறவளுக்குத் தெரியும் தையலோட கொணம்," என்றீர்கள்.

இவ்வளவு தெரிந்த நீங்கள்தான் கால் எலும்பைக் கெடுத்துக்கொண்டீர்கள். நகரத்தில் ஓட்டம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் தலைகால் புரியவில்லை உங்களுக்கு. ஒரே வாரத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கினீர்கள், அதுவும் சிமெண்ட் ரோட்டில், தேய்ந்துபோன ஷூவோடு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணியை எடுத்து, இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு அடுத்த நாளும் வந்தீர்கள். துணி காலைப் பிடித்த பிடியில் பாதம் நீலம் பாரித்துவிட்டது. "ஏனுங்க்கா, உங்களுக்கு அறிவு கிறிவு இருக்குதுங்களா? காலு வேணுமா வேண்டாமுங்களா?" என்று கத்தினேன். வலியோடு சிரித்தீர்கள். "ஒங்க ஊர்ல திட்டுனாகூட விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரில்லா இருக்கு."

பிசியோதெரபி அம்மா உங்கள் எலும்பு நெடுக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துள்ளினீர்கள். பரவலாக வலித்தால் ஒரு மாதிரி, ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பே களைத்துக் கீறல் விடப்போகிறது என்று அர்த்தம், ஓட்டத்தை நிறுத்துங்கள் என்றார். ஆறிய பிறகும் மெதுவாக ஆரம்பித்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கிக் கெண்டைச்சதைக்குப் பலம் கொடுங்கள் என்றார். நகரத்து ஓட்டம் உங்களுக்கு இல்லையென்று ஆகிவிட்டது. நான் மட்டும் போகட்டுமா என்று கேட்கவே இல்லை, எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் விடிந்தால் திட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். தண்ணீர் பாட்டில், துடைக்கிற துணி எல்லாம் தயாராக இருக்கும். நான் ரைஸ் மில் வரை தனியாக ஓடித் திரும்புவேன். தனியாகத்தான் ஓடினேன், ஆனால் தனியாக இருந்ததாக நினைவே இல்லை. திரும்பும்போது தூரத்தில் உங்கள் கோணல் டீ-சர்ட் தெரியும்.

கால் ஆறி, மறுபடி ஓட ஆரம்பித்து, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனீர்கள். தூத்துக்குடியில் தம்பி வீட்டில் விடியற்காலை நெஞ்சு வலித்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்ததாம். எனக்குப் போன் வந்தபோது என் மேசையில் பார்க்க வேண்டிய பனியன் பீஸ் குவிந்துகொண்டிருந்தது. அந்தம்மா உனக்கு என்ன உறவு என்று கேட்டார் சூப்பர்வைசர். கூட ஓடுகிற அக்கா என்றேன். அவருக்கு அது லீவு கொடுக்கிற உறவாகப் படவில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

பெட்டியில் வெள்ளைச் சேலையில் இருந்தீர்கள். காலுக்குப் புது வெள்ளைக் காலுறை போட்டிருந்தார்கள். தையல் உள்ளே இருந்தது, அக்கா. மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். எனக்கு அந்தக் காலுறையை விட்டுக் கண் நகரவில்லை. உங்கள் தம்பி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க, சாக்ஸத் திருப்பிப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டையும் கழற்றினேன். கடைசியாக ஒருமுறை உங்கள் உள்ளங்காலைப் பார்த்தேன். வெடிப்பில்லை, கொப்புளமில்லை, விரலிடுக்கு சுத்தமாக இருந்தது. தையலை வெளியே வைத்துப் போட்டுவிட்டேன். பாஸ் என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தார்கள், அவர்களிடம் எல்லாரும் துக்கம் கேட்டார்கள். என்னிடம் யார் கேட்பார்கள்? நான் உங்களுக்கு என்ன முறை? திருப்பூர் திரும்பி மறுநாள் வேலைக்குப் போனேன். உங்கள் மெஷினில் புதுப்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதமாக அதே ரோட்டில் ஓடுகிறேன். திட்டுப் பக்கம் வரும்போது மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன். உள்ளங்காலைக் கையால் தடவிப் பார்ப்பேன். கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் வரை அந்தக் கறைக் காலுறையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நிட்டிங் மெஷினோடு மல்லுக்கட்டி வருகிற மனிதர், நல்ல மனிதர், பேச்சு மட்டும் குறைவு. கல்யாணமான நாளிலிருந்து நல்ல நாள் பெரிய நாளில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் பழகியவள் நான். என் காலை அவர் கையில் கொடுப்பதா? ஆனால் கால் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் வெட்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

"ஏனுங்க, எங் காலைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

"காலுக்கென்ன?"

"ரத்தம் வந்திருக்குதுங்க. எங்கேன்னு எனக்குத் தெரியலீங்க."

டிவியை நிறுத்தினார். சுவரில் இருந்த முருகன் படத்தை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் கால் அவருடைய இரண்டு கைக்குள் இருந்தது. எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

"சுண்டு வெரலுக்குக் கீழ தோலு உரிஞ்சு கெடக்குது புள்ள. வலிக்குதா?"

"இல்லீங்க."

சுற்றிலும் அழுத்தினார். "இப்ப?"

"இல்லீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. மரத்துப்போச்சு என்று நான் சொன்னதையெல்லாம் இத்தனை நாளும் பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். "கெளம்பு. ஷிஃப்ட் கெடக்கட்டும்," என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஷூவுக்குள் இருக்கும் மெத்தை கிழிந்து மடிந்து உராய்ந்திருக்கிறது. நல்ல நேரத்தில் பார்த்தீர்கள் என்றார் டாக்டர். மருந்து வைத்துக் கட்டினார்கள். ஆறும் வரை ஓட்டம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, கட்டுப் போடாத இன்னொரு காலை அவராகவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் இருந்தபோது உங்களைப் பற்றி நான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அந்தம்மா தெனமும் இதைத்தான் பாத்தாங்களா?"

"ஆமாங்க."

"என்னென்ன பாப்பாங்க? சொல்லு, எனக்கொண்ணும் தெரியாது."

குதிகால் என்று ஆரம்பித்தேன், அக்கா. அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவர் காலைக் கீழே வைக்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குதிகால், முன்பாதம், விரல் விரலாக இடுக்கு, நகத்தின் ஓரம். நடுநடுவே நீங்கள் சொன்னதையும் சிரித்ததையும் சொன்னேன். அவர் குனிந்து ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே கேட்டார். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி ஒருவரிடம் நான் வாய்விட்டுப் பேசியது இதுதான் முதல்முறை.