எதிர்வீட்டுப் பால்

மத்திகிரி,
12.9.2004

அன்புள்ள அம்மாவுக்கு முத்துமணி எழுதுவது. இங்கே நான், பாப்பா, உன் மருமகன் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு அம்மை இறங்கிவிட்டது, முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று தம்பி சுபாஷ் சொன்னான். மூன்றாவது தண்ணீரும் ஊற்றி, கோவிலுக்குப் போய்வந்த பிறகு நீ கிளம்பினால் போதும். பெற்ற மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க முடியவில்லையே என்று அழுதாயாம். அம்மை கண்ட வீட்டை விட்டுப் பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எப்படி வர முடியும்? அதில் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு ஒன்றில்தான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதைச் சுபாஷிடம் படிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டியாவது நீயே படி. எல்லாம் பொம்பளை சமாச்சாரம். போனில் சொல்லலாம் என்றால் இங்கே எனக்கு இருப்பது கரியப்பன் மளிகைக் கடை போன். பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே நின்று மார் கட்டிக்கொண்ட கதையை நான் எப்படிச் சொல்ல?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பால் வந்துவிட்டது. பாப்பா என் பால் மட்டும்தான் குடிக்கிறாள், எடையும் ஏறிவிட்டது. ஆனால் அந்தப் பாலை வரவழைத்துத் தந்தவள் இப்போது என் வீட்டுக்குள் வருவதில்லை. எதிர்வீட்டு முனிரத்னாவைத்தான் சொல்கிறேன். அவளைத் திரும்ப உள்ளே வரவழைக்க உன் ஒருத்தியால்தான் முடியும். கடைசிவரை படி. கோபப்படுவதாக இருந்தால் அப்புறம் கோபப்பட்டுக்கொள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சுடலைமுத்து மாமா வந்து சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டுச் சேனை வைக்கிற வரை பிள்ளை வாயில் எதுவும் படக்கூடாது என்று நீ சொல்லியனுப்பியிருந்தாய். நர்சம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். உங்க மாமா சாத்தூர்ல இருந்து பஸ் ஏறி வர்ற வரைக்கும் பிள்ளை பட்டினி கிடக்கணுமா என்றார். சர்க்கரைத் தண்ணீரே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகப் பாப்பா வாயில் விட வைத்தார். சீம்பாலைப் பீச்சிக் கீழே விட்டுவிடு என்று நீ சொன்னதையும் நான் கேட்கவில்லை. மாடு ஈன்றால் அந்தப் பாலுக்கு நாம் அடித்துக்கொள்கிறோம், என் பால் மட்டும் என்ன பாவம் செய்தது? மாமாவை நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் வினை பிடித்தது. இரண்டு மாரும் கல்லாகக் கட்டிக்கொண்டன. ரவிக்கை உரசினாலே உயிர் போனது. நாள் ஆகும் முன்னால் பிறந்த பிள்ளை, வாயில் பலமில்லை. காம்பைப் பிடிக்கும், நழுவவிடும், அழும், அசந்து தூங்கிவிடும். இவர் பயந்துபோய் உனக்குப் போன் செய்தார். நம்ம வம்சத்துக்கே பால் ஊறாது மாப்பிள்ளை, இவளையே ஆட்டுப்பால்லதான் வளத்தேன், டின் பால் வாங்கிக் குடுங்க என்று நீ சொன்னாய். மெடிக்கலுக்கு ஓடிப்போய் டின்னும் புட்டியுமாக வந்து நின்றார். நான் ஒரே பிடியாக வேண்டாம் என்றேன். இத்தனை பால் உள்ளே கட்டிக்கொண்டு வலிக்கிறது, இல்லை இல்லை என்றால் என்ன அர்த்தம்? கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் நான். பொருளில் கோளாறா, மாட்டுகிற விதத்தில் கோளாறா என்று பார்க்காமல் ஒதுக்கிவைக்க எனக்கு மனசு வராது.

ஆனால் அம்மா, வாய் அத்தனை பேசினாலும் அடுத்த நாள் நான் உடைந்துவிட்டேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். பாப்பா அழுதாள், அழுதாள், பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அது நின்ற பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. புட்டியைக் கழுவி அடுப்பில் தண்ணீர் வைத்தேன். டின் மூடி திறக்க வரவில்லை, கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முனிரத்னா வந்தாள். அவள் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் இங்கே மாட்டுப் பண்ணையில் தீவனம் வெட்டுகிற வேலையில் இருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவளுக்குச் சிவராஜ் என்று தவழ்கிற பையன், நல்ல உருண்டை. துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தவள், இத்தனை நேரம் கேட்ட அழுகை ஏன் நின்றுவிட்டது என்று ஈரக் கையோடு ஓடி வந்திருக்கிறாள்.

கேட்காமல் கொள்ளாமல் என் மாரைத் தொட்டுப் பார்த்தாள். பால் லேதுன்னு எவரு சொன்னாங்க அக்கா, இதெல்லாம் பாலுதான், வழிதான் அடைச்சிருக்கு என்றாள். ஓடிப்போய்ச் சிவராஜைத் தூக்கி வந்தாள். அவனை என் மடியில் போட்டாள், என் பிள்ளையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் கவ்விவிட்டான். அவன் குடித்துப் பழகின ஆள், பாப்பா மாதிரி கொறிக்கிறவன் இல்லை. எனக்கு உச்சி மண்டை வரை இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே என்னமோ அவிழ்ந்த மாதிரி இருந்தது, அந்தப் பக்கத்து மாரிலும் தானாகப் பால் சொட்டியது. அதே நேரம் முனிரத்னா மடியிலிருந்து மடக் மடக்கென்று ஒரு சத்தம். என் பிள்ளை விழுங்குகிற சத்தம். அதைக் கேட்டு நான் வாய்விட்டு அழுதேன், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார் இளகிய பிறகு பாப்பாவை என்னிடம் தந்தாள். வயிறோடு வயிறு ஒட்டிப் பிடி, வாயைப் பெரிசா திறக்கிற வரைக்கும் பொறு, காம்பை மட்டும் குடுக்காதே, கறுப்பு பூரா உள்ளே போகணும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைத் திருத்தினாள். பாப்பா சரியாகப் பிடித்துக்கொண்டாள், அம்மா. இத்தனை நாள் நான் நுனியை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கிராம நர்ஸ் ஜோதியம்மாள் எடை பார்க்க வந்தபோது நடந்ததைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் நல்ல டோஸ் கிடைத்தது. அவசரத்துக்குச் செஞ்சுட்டீங்க, இனிமே பிள்ளைகளை மாத்திப் போடக்கூடாது, ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்கு வரும் என்றார். மாசமாக இருந்தபோது எடுத்த இருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. மார் கட்டினால் வெந்நீர்த் துணி ஒற்றிக் கையாலேயே பீச்சி, அதைப் பாலாடைச் சங்கில் கொடுக்கச் சொல்லிக் காட்டித் தந்தார். இப்போது எனக்கு எல்லாம் தெரியும். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, அவளுக்கு நான் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள். டின் பாலைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. உன் மருமகன் அதைக் கரைத்துக் காபி போட்டுக் குடித்துக்கொண்டு இருக்கிறார். நீ கொடுத்தனுப்பிய சுறாக் கருவாட்டை வறுத்த அன்று எங்கள் லைன் வீட்டு வரிசை மொத்தமும் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

இனி உன் விஷயம். போன வாரம் கடைப் போனில் பேசும்போது, முனிரத்னா எனக்குக் களி கிண்டிக் கொண்டுவந்து தருகிறாள் என்று சொன்னேன். அவங்க என்ன ஆளுங்க, அந்த வீட்டுல கை நனைக்காதே, பிள்ளையைத் தொட விடாதே என்று நீ கத்தினாய். உன் குரலுக்குப் போனே தேவையில்லை அம்மா, சாத்தூரில் இருந்து அப்படியே கேட்கும். முனிரத்னா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வீட்டு வாசல் வரை வந்து பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எது கொண்டுவந்தாலும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறாள். உள்ளே வா என்றால், உங்க அம்மா வர்ற நேரம், எதுக்கு அக்கா என்கிறாள். பாப்பா அவள் குரல் கேட்டால் தலையைத் திருப்பித் தேடுகிறாள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவள் என்ன ஆள் என்று நான் கேட்கவில்லை. என் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோது அவளும் என்னிடம் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் வம்சத்துக்குப் பால் ஊறாது என்று இனிமேல் சொல்லாதே. உனக்கும் ஊறியிருக்கும். என்னைப் பெற்ற பத்தாம் நாளே உன்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள், கட்டிக்கொண்ட பாலோடு நீ குச்சி அடுக்கினாய், பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கக் காட்டித்தர ஒருத்தியும் இல்லை. நான் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தது உன் குறை இல்லை அம்மா. இதை நினைத்து இத்தனை வருஷம் நீ எவ்வளவு அழுதாயோ, எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தொட்டில் போட நாள் பார்த்துவை. பாப்பாவைத் தொட்டிலில் கிடத்துவது முனிரத்னாவாகத்தான் இருக்க வேண்டும். உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. கேட்கத்தான் கேட்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஓசூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் பண்ணை ஸ்டாப்பில் இவர் வந்து நிற்பார். லைனுக்குள் வந்ததும் நேராக என் வீட்டுக்கு வராதே. நான் வாசலில் பாப்பாவோடு நின்றாலும் திரும்பிப் பார்க்காதே. முதலில் எதிர்வீட்டுக்குப் போ. முனிரத்னாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேள். அவள் கண் எதிரில் அதைக் குடித்து முடித்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து உன் பேத்தியைத் தூக்கு.

அப்பாவுக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றும்போது எங்களையும் நினைத்துக்கொள். மாரியம்மன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். உன்னை எதிர்பார்த்திருக்கும்,

உன் மகள்,
முத்துமணி